ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை

பழைய மீன் தொட்டி வாங்குகிறவர்கள் முதலில் கண்ணாடியைத்தான் தடவிப் பார்ப்பார்கள் மேடம். கீறல் இருக்கிறதா, மூலை உடைந்திருக்கிறதா என்று. கண்ணாடியால் பெரும்பாலும் தொந்தரவு வராது. இரண்டு கண்ணாடி சேருகிற இடத்தில் ஒரு பசை இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். தொட்டி ரொம்ப நாள் காலியாகக் கிடந்தால் அந்தப் பசை காய்ந்து ஓரம் விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் நிரப்பினால்தான் தெரியும். அதுவும் நிரப்பின உடனே தெரியாது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். இதுதான் ஆரம்பம்.

இறந்துபோனது என் அக்கா சண்முகத்தாய். மட்டக்கடைப் பக்கம் அப்பா கட்டிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு அறை, ஓர் அடுக்களை, வெளிப்பக்கமாக மொட்டைமாடிக்குப் படி. நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்கா பஞ்சாலை வேலைக்குப் போய் என்னைக் கல்லூரியில் படிக்க வைத்தாள். தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை கிடைத்த சமயம் அவளுக்கு இருமல் ஆரம்பித்தது. பஞ்சுத் தூசி நுரையீரலில் இறங்கியிருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் கொரோனாவும் வந்துவிட்டுப் போனது. அதிலிருந்து மூக்கில் குழாய் இல்லாமல் அவளால் வாசல் வரைகூட நடக்க முடியாது.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்டில் ஓடுவது. கரண்டு போனால் கீச்சுக் கீச்சென்று கத்தும். நான் ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கி, கட்டில் கால்மாட்டில் நிற்கிற சிலிண்டரில் மாட்டிச் சாவியைத் திருப்புவேன். அந்தச் சாவியைத் திருப்புகிற பலம் அக்கா கையில் இல்லை. நான் ஆபீசில் இருக்கும்போது பக்கத்து வீட்டு ஈவாஞ்சலின் அக்கா பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் உண்டு. மெஷின் சத்தம் அவர் அடுக்களை வரை கேட்கும்.

அக்கா என்னைக் கொடுமைப்படுத்தினாள் என்று சொன்னால் உங்களுக்கு எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். அப்படி ஒன்றும் கிடையாது. அவள் நல்ல பேச்சுக்காரி. மூச்சு வாங்கினாலும் பேச்சை விடமாட்டாள், இரண்டு வார்த்தை பேசி நிறுத்தி, மறுபடி இரண்டு வார்த்தை. நான் குளிப்பாட்டும்போது, "ஏளா, கப்பல கழுவுத மாதிரி கழுவுதியே" என்பாள். படுத்த இடத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக ஈவாஞ்சலின் அக்கா வீட்டுச் சுவர் மட்டும்தான் தெரியும். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே, "அசையுத மாதிரி என்னமாவது ஒண்ணு வாங்கிப் போடுளா" என்றாள். மீன் தொட்டி அப்படித்தான் வந்தது. யோசனை அவளுடையது. அதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஆபீசுக்கு வந்து போகிற ஜெனோ என்ற பையன் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து புறப்படவிருந்தான். வீட்டில் சும்மா கிடந்த தொட்டியை எனக்குக் கொடுத்தான். பெரிய தொட்டி. அடியில் போடுவதற்கு ஒரு சாக்குப் பையில் சிப்பி ஓடும் உடைந்த சங்கும் கொண்டுவந்தான். அவனும் அவன் சிநேகிதனும் சேர்ந்து தூக்கி மொட்டைமாடியில் நிழலாக ஓர் இடத்தில் வைத்தார்கள்.

"வீட்டுக்குள்ள வைக்கதுக்கு முன்னால இங்கனயே தண்ணி விட்டுப் பாத்துருங்கக்கா" என்றான் ஜெனோ. "ஒரேயடியா ரொப்பாதீங்க. கால்வாசி, பாதி, அப்புறம் முழுசு. அடியில பேப்பர் விரிச்சு வைங்க, நனைஞ்சா தெரிஞ்சுரும். ஒழுகுச்சுன்னா சொல்லுங்க, பசைய பூரா சுரண்டிட்டுப் புதுசா ஒட்டித் தந்துட்டுப் போறேன்."

அவன் சொன்னபடியே செய்தேன். கால்வாசிக்கு ஒழுகவில்லை. பாதிக்கு ஒழுகவில்லை. முழுவதும் நிரப்பிவிட்டு அடுக்களை வேலையை முடித்து வந்து பார்த்தால் பின்பக்க மூலையில் பேப்பர் நனைந்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். மேல் பாதியில் ஓரிடத்தில் பசை விட்டிருந்தது. அங்கிருந்து தண்ணீர் மூலையோடு இறங்கிக் கீழே வந்தது. சத்தமே இல்லை. மளமளவென்று கொட்டவும் இல்லை. ஆனால் நிற்கவும் இல்லை. தண்ணீர் பாதிக்கு இறங்கியதும் தானாக நின்றது.

அன்றைக்கே ஜெனோவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஏன் என்று கேட்டால், அந்த வாரம் என் மனது சரியில்லை.

பால்துரையைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். என் ஆபீசில் எனக்கு மேல் பொறுப்பில் இருந்தவர். மனைவி இறந்து தனியாக இருந்தார். நாற்பது வயது தாண்டிய எனக்கு அதிலெல்லாம் ஆசை வரும் என்று நானே நினைக்கவில்லை. அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டதுகூட, இந்தச் சரக்கு எந்தக் கப்பலில் போகிறது என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் அவரிடம், அக்கா இருக்கும்வரை முடியாது என்றேன். அவர் போன பிறகு, நான் சொன்ன அந்த வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு முன்னால் நான் அப்படி ஒரு நாளை நினைத்துப் பார்த்ததே இல்லை மேடம். ஒரு பதிலுக்காகச் சொன்னேன். சொன்ன பிறகு அது எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஈவாஞ்சலின் அக்கா சொல்லியிருக்கலாம். ஒரு சாயங்காலம் நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அந்தப் பால்துரைக்கு என்ன பதில் சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"சரின்னு சொல்லு. அவருக்கு மாத்தல் வந்திருக்காமே, குஜராத் பக்கம். கூடப் போளா."

"ஒன்ன யாரு பாக்கது?"

"வேம்பார்ல அத்த மவ சுடலைச்செல்வி கிட்ட பேசிட்டேன். மெஷினோட வாங்க மதினி, நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதா. அவ வீட்டுலருந்து பாத்தா கடல் தெரியுமாம். இந்தச் செவத்தையே எத்தன நாளைக்குப் பாக்க?"

எல்லாவற்றையும் எனக்கு முன்னால் அவளே பேசி முடித்திருந்தாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. சீப்பைக் கட்டிலில் எறிந்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அக்கா பின்னாலிருந்து, "சடைய முடிச்சுட்டுக் கோவப்படுளா" என்றாள்.

அந்தக் கோபம் உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் என்னைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெத்த தாயைக்கூட இப்படிப் பார்க்கமாட்டார்கள் என்பார்கள். ஈவாஞ்சலின் அக்கா தன் மகள்களைத் திட்டும்போது, "அந்த முத்துச்செல்வியப் பாருங்க" என்பார். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும். ஆபீசில் நான் சீக்கிரம் கிளம்பினால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அக்காவை வேம்பாருக்கு அனுப்பிவிட்டு நான் குஜராத்துக்கு ரயில் ஏறினால் அது என்ன ஆகும்? இதையெல்லாம் அக்கா யோசிக்கவில்லை. நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது. போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. மூக்கில் குழாய் அவளுக்குத்தான் இருந்தது, மூச்சு முட்டியது எனக்கு.

தொட்டியை மறுபடி நிரப்பிப் பார்த்தேன். முதல் தடவை சரிதானா என்று பார்ப்பதற்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அதே இடத்தில் ஒழுகியது. வேறொரு நாள் மறுபடியும் நிரப்பினேன். அந்தத் தடவை ஒழுகுகிறதா என்று பார்க்கவில்லை, அது தெரிந்த விஷயம். நிரப்பின பிறகு எவ்வளவு நேரத்தில் தண்ணீர் கீழே இறங்குகிறது, தரையில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன்.

ஜெனோ கப்பலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் வந்தான். தொட்டியைக் கீழே இறக்கி அக்கா அறையில் வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். படியில் வைத்துக் கேட்டான்.

"ஒழுகலையேக்கா?"

"ஒரு சொட்டுகூட ஒழுகல" என்றேன்.

அதுவரை நான் ஒரு பழைய மீன் தொட்டி வாங்கியவள், அவ்வளவுதான். அந்தப் பதிலுக்குப் பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது என்று எனக்கும் தெரிகிறது.

அறை சின்னது. தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு போட வேண்டும் என்றால் கால்மாட்டில் இருந்த சிலிண்டரை நகர்த்த வேண்டும். நகர்த்தினேன். அக்கா பார்த்துவிட்டு, "அத எங்க கொண்டு போற?" என்றாள். "இங்கன எடம் இல்லக்கா, அடுக்களையிலதான் வைக்கேன், நான் வீட்டுலதான இருக்கேன்" என்றேன். சரி என்றுவிட்டாள். தொட்டி வருகிற சந்தோஷத்தில் இருந்தாள்.

கட்டிலுக்கு அந்தப் பக்கச் சுவரில் பிளக் பாயிண்ட் பழுதாகி ரொம்ப நாளாகிறது. அதனால் மெஷினுக்கு நீள ஒயர் போட்ட பெட்டி ஒன்றைத் தரையோரம் வைத்திருந்தோம். தரை அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு. வீடு துடைக்கும்போது தண்ணீர் போய்விடக் கூடாதென்று நான்தான் அந்தப் பெட்டிக்கு அடியில் ஒரு பலகை வைத்திருந்தேன். நீங்கள் முதல் நாள் விசாரித்தபோது, துடைக்க எடுத்த பலகையைத் திரும்ப வைக்க மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கவில்லை. எடுத்துக் கொல்லையில் சாய்த்து வைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பாதித் தொட்டி நிரப்பினேன். பாதி வரை ஒழுகாது. அக்கா தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தொட்டிப் பக்கமாகவே படுத்துக்கொண்டாள். தண்ணீர் எத்தனை உயரம் என்று அடையாளம் தெரிய ஒரு பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னாள். காலையில் நான் காபி கொண்டுபோனபோது, "பொட்டு எறங்கல. நீ முழுசா ரொப்பு. நான் காவல் இருக்கேன்" என்றாள். அவளுக்கு ஒரு வேலை கிடைத்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. முகம் தெளிந்திருந்தது. அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஈவாஞ்சலின் அக்கா வீட்டோடு மாதா கோயில் பூசைக்குப் போவார். அவர்கள் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகு தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். அக்கா கையில் ஒரு பழைய துண்டு கொடுத்தேன். அவளே கேட்டாள், ஈரம் தெரிந்தால் ஒற்றிப் பார்க்க.

"நான் போயி மீன் வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

"மொதல்ல தொட்டி நிக்குதான்னு பாப்போம், அப்புறம் வாங்கலாம்."

"இன்னைக்கு லீவு நாளு, இன்னைக்குத்தான் முடியும்."

"அப்பம் செவப்பா ரெண்டு வாங்கு. கறுப்பு வேண்டாம், ராத்திரி தெரியாது."

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். தெருவுக்குப் போகவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிப்படியில் ஏறி மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர் டேங்க் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்காது என்றுகூட ஒரு நினைப்பு இருந்தது. பசை இந்தத் தடவை பிடித்துக்கொண்டால், அல்லது அக்கா முதல் சொட்டிலேயே பார்த்துவிட்டால், நான் இறங்கிப் போய்த் தொட்டியைக் காலி செய்திருப்பேன். எல்லாவற்றையும் தண்ணீரிடம் விட்டுவிட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

முதலில் என் போன் அதிர்ந்தது. அக்காவின் படம் வந்தது, திருச்செந்தூரில் நாழிக்கிணற்றுக்கு வெளியே எடுத்தது. தொட்டி ஒழுகுகிறது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரியும். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அந்த ஒயர்ப் பெட்டியை எட்டி, கீழே கரண்டு மெயின் விழுந்தது. மெஷின் கத்த ஆரம்பித்தது. போன் மறுபடி அதிர்ந்தது. அதன் பிறகும் வந்தது. எத்தனை தடவை என்று உங்களிடம் இருக்கும்.

கால் மரத்துவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை என்று சொல்லலாம். பொய். எழுந்திருக்க முடிந்தது. படி அதிகம் இல்லை. அடுக்களையில் இருந்த சிலிண்டரில் ஆக்சிஜன் நிறைய இருந்தது. எழுந்து போக எல்லாமே இருந்தது. நான் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஓர் உயிருள்ள பிராணி போலக் கைக்குள் துடித்துத் துடித்து அடங்கியது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றுதான் எனக்கு இருந்தது. யாராவது வந்து என்னைத் தூக்கிவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஈவாஞ்சலின் அக்கா அப்போதுதான் தெருமுனையில் வந்தார். மற்றவர்களைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருக்கிறார். அண்ணாந்து என்னைப் பார்த்துக் கையாட்டினார். நானும் கையாட்டினேன். அதற்குள் மெஷின் சத்தம் ஓய்ந்திருந்தது. கத்துவதற்கென்று மெஷினுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி அவ்வளவு நேரம்தான் தாங்கும். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தின பிறகு நான் இறங்கினேன். எங்கள் கதவைத் திறக்கவில்லை. தெருவுக்குப் போய், கடைக்குப் போய், சிவப்பாக இரண்டு மீன் வாங்கினேன். அவள் கேட்டபடி.

திரும்பி வந்து கதவைத் திறந்து கத்தினேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். அந்தக் கத்தல் நடிப்பு இல்லை. அக்கா கட்டிலில் இல்லை, அதை நான் எதிர்பார்க்கவில்லை. உதவி கேட்டுக் கதவுப் பக்கம் வந்திருப்பாளோ என்று பார்த்தால், அங்கேயும் இல்லை. தொட்டியின் பின்பக்க மூலைக்குப் போயிருக்கிறாள். ஸ்டாண்டில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாள். துண்டை மடித்து அந்த ஓரத்தில் வைத்து அழுத்தியபடி கை அப்படியே நின்றிருந்தது. கொஞ்சம் மட்டும்தான் ஒழுகியிருந்தது. அவள் நிறுத்திவிட்டாள் மேடம்.

என் கையில் பிளாஸ்டிக் பையில் மீன் இருந்ததைப் பார்த்துத் தெருவே அழுதது. அக்காவுக்கு மீன் வாங்கப் போன நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று. ஈவாஞ்சலின் அக்கா அந்த மீனை வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் ஒரு பாட்டிலில் விட்டார். பல நாள் நோயாளி என்பதால் டாக்டர் எதுவும் கேட்கவில்லை. பால்துரை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். காரியம் முடியட்டும், பிறகு பேசலாம் என்றார்.

பதினாறாம் நாள் சுடலைச்செல்வி வேம்பாரிலிருந்து வந்திருந்தாள். ஈவாஞ்சலின் அக்கா அவளிடம் ஆற்றாமையாகச் சொல்லியிருக்கிறார்: "கீழ இப்படி ஆகுதுன்னு தெரியாம, பாவம், அவ மாடியில உக்காந்து எனக்குக் கையக் காட்டுதா." நல்ல மனுஷி, கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் எல்லோரிடமும் கடைக்குப் போயிருந்ததாகச் சொல்லியிருந்தேன். சுடலைச்செல்விக்கு அதுதான் உறுத்தியிருக்கிறது. மதினி ஞாபகமாக இருக்கட்டும் என்று அக்காவின் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு நான் போனை எடுக்காததால் அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த குரல் பதிவை நான் கேட்காமலே அழித்திருந்தேன். அக்கா போனில் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுடலைச்செல்வி உங்களிடம் கொடுத்த அந்தப் போனிலிருந்து நேற்று நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். மூச்சு விட்டு விட்டு, இரண்டு இரண்டு வார்த்தையாக.

"ஏளா... தண்ணி ஒழுகுது. கரண்டும்... போச்சு. நீ பதறாத. மெதுவா வா... ரோட்டுல லாரி வரும். நான்... துண்ட வச்சு... அமுக்கிக்கிடுதேன்."

இதைக் கேட்டும் நீ அழவில்லையே என்றீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. அக்காவின் குணம் அது. எப்போதும் அப்படித்தான்.

பால்துரை இன்று காலை வந்தாராம். கான்ஸ்டபிளிடம் எனக்குத் துணிப் பை ஒன்று கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார். அவர் மேல் தப்பு இல்லை. அவர் போக வேண்டியவர்.

வேறு வழியே இல்லையா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். சுடலைச்செல்வி கூப்பிட்டாளே, உன் அக்காவே போகச் சொன்னாளே, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே என்று. அதைச் சொல்வது சுலபம். நோயாளி அக்காவை யார் வீட்டிலோ தள்ளிவிட்டுப் புருஷனோடு போனவள் என்று ஒரு பேச்சு வந்தால், அதோடு நான் எங்கே போய் இருப்பேன்? அக்கா சம்மதித்தாள் என்பதை ஊர் நம்புமா?

எழுதிக்கொள்ளுங்கள். தொட்டி ஒழுகும் என்று தெரிந்தேதான் அங்கே வைத்தேன். பலகையை எடுத்தது நான். சிலிண்டரை மாற்றி வைத்தது நான். பூசைக்குப் போகிற நாளாகப் பார்த்ததும் நான். போனை எடுக்காமல், படி இறங்காமல், அவள் முடியும்வரை மேலே உட்கார்ந்திருந்தேன். அக்காவைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள் மேடம். கடைசி வரைக்கும் அக்காவை நான்தான் பார்த்துக்கொண்டேன், யார் கையிலும் விட்டுவிட்டுப் போகவில்லை என்று.